இரண்டாவது சொம்புத் தண்ணீர்

"தொட்டியில யாரோ வெஷம் போட்றாங்க. யாருன்னு எனக்குத் தெரியும்" என்றாள் ஜமுனா. பால் பாக்கெட் தீர்ந்துவிட்டது என்று சொல்கிற குரலில் சொன்னாள்.

துப்பறியும் ஹேமாவதி குடையை மடக்கி வாசலில் சாத்திவிட்டு உள்ளே வந்தாள். பொன்னேரியில் மிட்டாய்க் கடை மாடியில் அலுவலகம் வைத்திருக்கிறவள். கல்யாணத்துக்கு முன் மாப்பிள்ளைகளைப் பற்றி விசாரித்துச் சொல்வதுதான் பெரும்பாலும் அவள் தொழில். இத்தனை வருஷத்தில் ஒரே ஒருவனைத்தான் யோக்கியன் என்று சொல்லியிருக்கிறாள். அவனும் முகூர்த்தத்துக்கு முதல் நாள் சாமியாராகப் போய்விட்டான்.

பின்னாலேயே உதவியாளர் சகாதேவன் வந்தார். முன்பு பொன்னேரிக்கும் பழவேற்காட்டுக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டியவர். ஒரு திருவிழா அன்று அந்த ஆட்டோவில் இருபத்தோரு பேர் ஏறிவிட்டதால் தனக்கு இடமில்லாமல், கூடவே ஓடிவந்து ஜன்னல் வழியாகக் கையை விட்டு ஓட்டியதாகச் சொல்வார். ஆட்டோவுக்கு ஏது ஜன்னல் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

பழவேற்காட்டு ஏரியில் பசியாவரத்துக்கு எதிர்க்கரையில் இருந்த மீனவக் குப்பம் அது. சுனாமிக்குப் பிறகு கட்டிக் கொடுத்த வீடு. ஒரு கூடம், ஒரு சமையல் மூலை. கூடத்தில் பாதியை ஒரு கண்ணாடித் தொட்டி பிடித்துக்கொண்டிருந்தது. உள்ளே உப்புத் தண்ணீர், மேலே நீல விளக்கு, நடுவில் கரடுமுரடான கல். கல்லின்மேல் கொத்துக் கொத்தாகப் பவள உயிர்கள். கடைக்காரர்கள் பாலிப் என்பார்கள்; குப்பத்தில் பட்டன் பூ என்றார்கள். பார்வைக்குப் பூ, பிழைப்புக்குப் பூச்சி. நல்ல நாளில் சட்டைப் பொத்தான் அளவுக்கு விரிந்து, ஓரத்து மயிர்களை ஆட்டிக்கொண்டிருக்குமாம். இப்போது அத்தனையும் வாயை இறுக்கி மூடிக்கொண்டு, பதில் சொல்ல விருப்பமில்லாத சாட்சிகளைப் போல உட்கார்ந்திருந்தன.

தொட்டிக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் ஜமுனா. அந்தக் கூடத்தில் அசைந்தது தண்ணீர் மட்டும்தான்.

"யார் போட்றாங்க?" என்றாள் ஹேமாவதி.

"கன்னியப்பன். அவரோட தம்பி. தொட்டியக் கடல்ல கொட்டிடுன்னு முன்னாலயே சொன்னவன்."

அவர் என்றால் தேசப்பன், ஜமுனாவின் புருஷன். சென்னை கொளத்தூரில் அலங்கார மீன் கடையில் வேலை பார்த்துவிட்டு, இந்தத் தொட்டியோடு ஊர் திரும்பியவன். போன மழைக்காலத்தில் முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து போய்ச் சேர்ந்தான். படகு கிடைத்தது. அவன் இரண்டு நாள் கழித்துக் கிடைத்தான். ஜமுனா அழவில்லை என்று ஊரில் சொன்னார்கள். அழுதிருந்தாலும் ஏதாவது சொல்லியிருப்பார்கள்.

"நீ பாத்தியா?"

"பாத்தேன். சொம்புல இன்னாவோ எடுத்து உள்ள ஊத்திக்கினு இருந்தான். என்னப் பாத்ததும் சொம்ப கீழ வெச்சிட்டுப் போயிட்டான். அதுலேர்ந்து ஒண்ணொண்ணா மூடிக்கினு வருது."

"அவன கேட்டியா?"

"கேக்கல. ஊர்த்தலைவராண்ட சொல்லிட்டேன்."

சொன்னதுதான் வில்லங்கம். ஏரியில் எந்த இடத்தில், எந்த முறையில், யார் வலை கட்டுவது என்பதை வருஷத்துக்கு ஒரு தடவை கோயில் வாசலில் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வார்கள். அதற்குப் பாடு என்று பெயர். பழி சுமக்கிறவன் பெயர் குடத்துக்குள் போகாது. பெயர் போகாதவன் அந்த வருஷம் முழுக்கக் கரையில் நின்று, மற்றவர்கள் மீன் பிடிப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். சீட்டு இன்று மாலை நான்கு மணிக்கு. கன்னியப்பனுக்குச் சொந்தமாக இருந்தது ஒரு வலையும் அந்தப் பெயரும்தான்.

ஊர்த்தலைவர் சிங்காரம்தான் ஹேமாவதியை வரவழைத்தவர். போனில் காரணமும் சொல்லியிருந்தார். "அவன் எனக்கு மவன் மொறை, அவ மருமவ மொறை. ஊர்ல எவனக் கேட்டாலும் ரெண்டு பேருக்கும் சொந்தம். யாரு ஞாயம் சொன்னாலும் பொய்யினுவாங்க. நீ எங்களுக்கு ஒட்டும் இல்ல ஒறவும் இல்ல. வந்து பாத்து சொல்லு தாயி."

ஹேமாவதி தொட்டியைச் சுற்றி வந்தாள். மூலையில் ஒரு தடித்த காளான் போன்ற பவளத்தின்மேல் மெழுகுத் தாள் மாதிரி ஒரு படலம் உரிந்து தொங்கியது.

"அதான் வெஷம்" என்றாள் ஜமுனா.

ஹேமாவதி கொளத்தூர் கடைக்குப் போன் போட்டாள். கடைக்காரர் ஹரிஹரன். தேசப்பன் பெயரைச் சொன்னதும் "நல்ல பையன்" என்றார். பிறகு தொழிலுக்கு வந்தார்.

"தோல் உரியறது தானே? அது விஷம் இல்லைங்க. பாம்பு சட்டை உரிக்கிற மாதிரி அதுவும் உரிக்கும். மேல சேர்ந்த அழுக்கைக் கழட்டிப் போடும். விட்டுடுங்க."

"பட்டன் எல்லாம் மூடியிருக்கே?"

"அதுக்கு நூறு காரணம். விளக்கு மாறியிருக்கும், தண்ணி நேரா மூஞ்சில அடிக்கும், உப்பு ஏறியிருக்கும், இறங்கியிருக்கும். இல்ல யாராச்சும் நோண்டிக்கிட்டே இருப்பாங்க. அதுக்கு நோண்டினா பிடிக்காது. நீங்களும் வெறுங்கையால தொட்டுடாதீங்க மேடம், ஆளுக்கு ஆகாது. தேசப்பன் கையுறை இல்லாம தொடவே மாட்டான். உப்பு எவ்வளவு காட்டுது?"

ஹேமாவதி போனை நகர்த்தி ஜமுனாவைக் கேட்டாள்.

"உப்பு பாக்குற கண்ணாடிக் குழாய பூன தள்ளி உட்ருச்சி. அதனால இன்னா? உப்பு சரியாத்தான் இருக்குது. தெனமும் பாக்குறேன். கொறஞ்சா போட்றேன். ஏரிக்கரையில பொறந்தவளுக்கு உப்பு தெரியாதா?"

இது நியாயம்தான். இந்தப் பக்கத்தில் தண்ணீரை விரலில் தொட்டு நாக்கில் வைத்தே, இன்றைக்கு இறால் ஏறுமா ஏறாதா என்று சொல்லிவிடுவார்கள். முகத்துவாரம் மணலில் தூர்ந்து கிடக்கிறதா திறந்திருக்கிறதா என்றும் சொல்வார்கள். அதற்கும் மேலே போய், ஆந்திரப் பக்கத்தில் எந்த ஊரில் மழை என்று நாக்கிலேயே கண்டுபிடித்த ஒருவர் பழவேற்காட்டில் இருந்தார். மழை பெய்யாத ஊராகவே சொல்வார் என்பதைத் தவிர அவரிடம் குறை கிடையாது.

சுவரில் ஓர் ஆணி. அதில் முழங்கை வரை நீளமான ரப்பர் கையுறை ஒரு ஜோடி. விரல்களுக்கு நடுவில் சிலந்தி வலை கட்டியிருந்தது.

"இது யாருது?"

"அவருது. அவரு கை அளவு" என்றாள் ஜமுனா.

சகாதேவன் ஹேமாவதியின் காதருகே குனிந்தார். "மேடம், மாப்ள கேசுல கூட மாப்ள வாயத் தொறப்பான். இங்க ஒருத்தரும் தொறக்கலியே. பூவும் தொறக்கல, இந்தம்மாவும் தொறக்கல."

"நீங்க இருக்கீங்கல்ல. மொத்தமா சேத்துத் தொறங்க."

மத்தியானம் கன்னியப்பன் வந்தான். ஒல்லியான, வெயிலில் காய்ந்த ஆள். தோளில் ஒரு கல் உப்பு மூட்டை. கருவாடு போட வாங்கி வந்ததாகச் சொல்லி வாசலில் இறக்கினான். கை, முகம், புருவம் எல்லாம் வெள்ளைப் பொடி. விஷம் போடுகிறவன் எப்படி இருப்பான் என்று படம் வரையச் சொன்னால் அப்படித்தான் வரைவார்கள்.

சமையல் மூலைக்கு எதிரே போய் உட்கார்ந்தான். ஜமுனா எழுந்து தட்டை வைத்தாள்.

சகாதேவனுக்கு இது பொறுக்கவில்லை. "ஏம்மா, வெஷம் வெக்கிறவன்னு சொல்ற. அவனுக்கே சோறும் போட்ற?"

"அவரு இருந்தப்பவும் போட்டுக்கினு இருந்தேன். பாட்டுல புடிச்சதுல பாதி மீனு கொண்டாந்து குடுக்குறான். நிறுத்தணும்னு தோணல."

"அது சரி. அவன் உனக்கு வெஷம் வெக்கிறான், நீ அவனுக்குக் கொழம்பு வெக்கிற. கணக்கு நேராப் பூடுது."

ஜமுனா குழம்புச் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கினாள். துணி பிடிக்கவில்லை. வெறும் விரல்களால் விளிம்பைப் பிடித்து, அவசரமே இல்லாமல் தரையில் வைத்தாள். சகாதேவனுக்குத்தான் கை சுட்டது போல் இருந்தது. தன் விரல்களை ஊதிக்கொண்டார்.

வந்தவர்களையும் சாப்பிடச் சொன்னாள். வயிறு சரியில்லை என்று ஹேமாவதி தப்பித்துக்கொண்டாள். சகாதேவன் ஜென்மத்தில் எந்தச் சாப்பாட்டையும் மறுத்தவர் இல்லை. கெண்டைக் குழம்பைச் சோற்றில் பிசைந்து, வாசனையைப் பற்றி ஒரு வார்த்தை பாராட்டிவிட்டு, ஒரு கவளம் வாயில் போட்டார்.

பிறகு பேசவில்லை.

ஹேமாவதி அவரைத் திரும்பிப் பார்த்தாள். சகாதேவன் பேசாமல் இருந்து அவள் பார்த்ததில்லை. பல் பிடுங்கும்போது கூட டாக்டருக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தவர் அவர். இப்போது கண்கள் லேசாகக் கலங்க, சுவரைப் பார்த்து மென்றுகொண்டிருந்தார்.

எதிரே கன்னியப்பன் நிதானமாகச் சாப்பிட்டான். தட்டு காலியாகும் வரை தலை நிமிரவில்லை. ஒரு சொம்பு தண்ணீர் குடித்தான். சொம்பை நீட்டினான். ஜமுனா மறுபடி நிரப்பினாள். அதையும் குடித்தான். தட்டை எடுத்துக்கொண்டு போய்த் தானே கழுவி வைத்தான்.

சகாதேவன் மிச்சத்தை வாசலில் பூனைக்கு வைத்தார். பூனை ஒரு மீன் துண்டைத் தின்றது. ஒரு கணம் யோசித்தது. பிறகு நேராக ஏரியை நோக்கி நடந்து போய்க் குனிந்து தண்ணீர் குடிக்க ஆரம்பித்தது. ஏரித் தண்ணீர் அதற்குத் தித்தித்திருக்க வேண்டும்.

"சகாதேவன், ஏன் பேசல?" என்றாள் ஹேமாவதி வெளியே வந்ததும்.

"பேசினா நாக்குலேர்ந்து உப்பு கொட்டும் மேடம். அந்தக் கெண்ட செத்தும் கடல உட்டுப் போவல. வூட்டுக்காரம்மா முன்னால சொல்ல மனசு வர்ல. பாவம்."

"கன்னியப்பன் சாப்பிட்டானே."

"அவன் நாக்கு கருவாடா இருக்கும்."

"அப்படின்னா எதுக்கு ரெண்டாவது சொம்பு?"

சகாதேவன் வாயைத் திறந்து, பதில் இல்லாததால் மூடிக்கொண்டார். அன்றைக்கு அது இரண்டாவது தடவை.

கன்னியப்பன் கரையில் வலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். ஏரி ஒரு சுருக்கம் கூட இல்லாமல் கிடந்தது. ஹேமாவதி அவனுக்கு எதிரில் ஒரு கவிழ்த்த கூடையின்மேல் உட்கார்ந்தாள்.

"தொட்டியில என்னப்பா ஊத்தின?"

"தண்ணிதான்."

"என்ன தண்ணி?"

"அந்தத் தொட்டித் தண்ணியேதான். கரண்டு பூட்ச்சி. இன்வெட்டரும் நின்னுடுச்சி. மோட்டாரு ஓடலன்னா உள்ள காத்து போவாது. அண்ணன் அப்பெல்லாம் சொம்புல மொண்டு மொண்டு மேலேர்ந்து ஊத்தும். நானும் அதான் செஞ்சேன்."

"இத அண்ணிகிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"அவங்க கேக்கல."

"தொட்டியக் கடல்ல கொட்டுன்னு சொன்னியாமே?"

"சொன்னேன். நாள் முச்சூடும் அது முன்னாலயே குந்திக்கினு இருக்காங்க. யாராண்டயும் பேசறதில்ல. அது இல்லன்னா எழுந்து நாலு எடம் போவாங்களேன்னு சொன்னேன். தப்புதான்."

"குழம்பு எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சி."

"எத்தனை நாளா இப்படி நல்லா இருக்குது?"

கன்னியப்பன் வலையின் ஒரு முடிச்சை இழுத்துப் பார்த்தான். இறுக்கமாகத்தான் இருந்தது. மறுபடி இழுத்தான்.

"அண்ணன் போய்க் கொஞ்ச நாள்லேர்ந்து" என்றான். "சமைக்கிறாங்களே, அதே பெருசு அக்கா. உப்பு ஜாஸ்தினு சொன்னா அதையும் உட்ருவாங்க."

ஹேமாவதி எழுந்தாள். "முகத்துவாரத்துக்கு வெளியே போய், நல்ல கடல் தண்ணி ஒரு கேன் எடுத்துட்டு வா. மூணு மணிக்குள்ள வந்துடு."

"மேடம்" என்றார் சகாதேவன், படகு தள்ளிப் போனதும். "குத்தவாளியையே சாட்சி கொண்டாரச் சொல்லி அனுப்புறது நம்ம ஆபீஸ்ல மட்டும்தான்."

"உங்க பையில தைல பாட்டில் இருக்குல்ல? குடுங்க."

"தலவலியா?"

"இன்னும் இல்ல. தைலத்தை வேற எதுலயாவது ஊத்திக்குங்க. எனக்குக் காலி பாட்டில் வேணும்."

சகாதேவன் தைலத்தைத் தலையிலேயே ஊற்றிக்கொண்டார். வேறு பாத்திரம் இல்லை என்றார். ஹேமாவதி தள்ளிப் போய் மறுபடியும் கொளத்தூருக்குப் போன் போட்டாள்.

மூன்று மணிக்கு ஜமுனாவின் கூடத்தில் ஐந்து பேர் இருந்தார்கள். ஊர்த்தலைவர் சிங்காரம் வெள்ளை வேட்டியில், கையில் பித்தளைக் குடத்தோடு வந்திருந்தார். சீட்டுகள் உள்ளே இருந்தன. கன்னியப்பனின் சீட்டு மட்டும் அவர் சட்டைப் பையில்.

ஹேமாவதி ஒரு வாளியில் கடல் தண்ணீரை ஊற்றினாள். தைல பாட்டிலுக்குள் கொஞ்சம் மணல் போட்டு, மூடி, வாளியில் விட்டாள். மிதந்தது. எடுத்து இன்னும் கொஞ்சம் மணல். மிதந்தது. சிட்டிகை சிட்டிகையாகப் போட்டுக்கொண்டே வந்தாள். கடைசியில் பாட்டில் மனசில்லாமல் மெல்ல அடியில் போய் உட்கார்ந்தது.

"கடல் தண்ணியில இது முழுகுது. எல்லாரும் பாத்துக்குங்க" என்றாள். அதே பாட்டிலைக் கண்ணாடித் தொட்டியில் போட்டாள்.

அடியில் தள்ளிவிட்டாலும் மேலே வந்தது. மேலே வந்து, விளக்குக்குக் கீழே தலையை வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

"தண்ணியில உப்பு ஏற ஏற அது பாட்டிலத் தூக்கும். இந்தத் தொட்டியில கடல விட உப்பு ஜாஸ்தி. அதனாலதான் பூ மூடிக்கிச்சு. விஷம் இல்ல, உப்பு."

சிங்காரம் வாசலைப் பார்த்தார். அங்கே கல் உப்பு மூட்டை சாய்ந்திருந்தது. பிறகு கன்னியப்பனைப் பார்த்தார். அவன் புருவத்தில் இன்னும் வெள்ளை ஒட்டியிருந்தது.

"போதும் தாயி" என்றார் கனத்த குரலில். "மூட்டையோட வந்து நிக்கிறான். ஏண்டா, கூடப் பொறந்தவன் கண்ண மூடி ஒரு வருஷம் ஆவல, அவன் வளத்ததுல போய் உப்பக் கொட்டினியா?"

கன்னியப்பன் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தான். "நான் கொட்டல" என்றான். ஒரே ஒரு தடவை. சிங்காரத்தின் கை சட்டைப் பைக்குப் போய், சீட்டைக் கிழிப்பதற்காக வெளியே எடுத்தது.

"கொஞ்சம் இருங்க. ஜமுனாவுக்கு ஒரு வாய் தண்ணி குடுத்துடறேன்" என்றாள் ஹேமாவதி.

இரண்டு எவர்சில்வர் டம்ளர்களை ஜமுனாவிடம் கொடுத்தாள். ஜமுனா முதல் டம்ளரில் ஒரு வாய் குடித்தாள். இரண்டாவதில் ஒரு வாய் குடித்தாள்.

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

ஜமுனா டம்ளருக்குள் பார்த்தாள். "ரெண்டும் ஒண்ணுதான்."

ஹேமாவதி இரண்டாவது டம்ளரை வாங்கிச் சிங்காரத்திடம் நீட்டினாள். அவர் ஒரு வாய் வைத்தார். வைத்த வேகத்தில் வாசலுக்கு ஓடித் துப்பினார். திரும்பி வந்தபோது அவர் முகத்திலிருந்த ஊர்த்தலைவர் போய்விட்டிருந்தார். வெறும் மாமனார் முறைக்காரர் மட்டும் இருந்தார்.

"கடல் தண்ணிம்மா இது" என்றார். "ஜமுனா, கடல் தண்ணி. உனக்குத் தெரியல?"

முதல் டம்ளரில் இருந்தது வெறும் குடிதண்ணீர்; ஜமுனா அதை எடுத்து இன்னொரு வாய் குடித்துப் பார்த்தாள்.

ஹேமாவதி பிளாஸ்டிக் நாற்காலியை அவளுக்கு எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "பட்டன் மேல பாசி படிஞ்சா நீ என்ன செய்வ?"

"தேச்சு உடுவேன். பழைய பிரஷ்ல. போவலன்னா வெரலால."

"கையுறை?"

"அது அவருது."

"விரல்ல காயம்?"

ஜமுனா கையை விரித்துக் காட்டினாள். மீன் அரிகிறவள் கை. அதில் காயமில்லாத இடத்தைத்தான் தேட வேண்டும்.

"அந்தப் பூவுக்கு மேல ஒரு வழவழப்பு இருக்கும். காயத்துல பட்டா விரல் மரத்துப் போவும். அதே விரல தண்ணியில தொட்டு நாக்குல வெச்சு உப்பு பாத்திருக்க. நாக்கும் மரத்துப் போச்சு. நாக்கு மரத்ததால உப்பு கம்மின்னு நெனச்சு உப்பு போட்ட. உப்பு ஏறினதும் பூ மூடிக்கிச்சு. மூடிக்கிச்சேன்னு இன்னும் தேச்ச. இன்னும் மரத்துச்சு. இன்னும் போட்ட. கொளத்தூர்காரர்கிட்ட 'ஆளுக்கு ஆகாதுன்னா என்ன ஆகும்'னு ரெண்டாவது தடவை கேட்டேன். இதத்தான் சொன்னாரு. நாளைக்கே பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டணும். இது விளையாட்டு இல்ல."



"ஆஸ்பத்திரிக்கு ஒருதபா போனேன்" என்றாள் ஜமுனா. "எது துன்னாலும் ஒண்ணும் தெரியலன்னேன். புருஷன் போயிட்டாருன்னேன். துக்கத்துல அப்படித்தான் இருக்கும், போவப் போவ சரியாப் பூடும்னாரு டாக்டரு."

"தொட்டியப் பத்திச் சொன்னியா?"

"கேக்கல."

அவள் தன் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வேறு யாருடைய விரல்களையோ வாங்கிப் பார்ப்பது போல இருந்தது.

"அப்போ இது அவரு போன துக்கம் இல்லியா?" என்றாள். அந்தக் குரலில் முதல் தடவையாக ஏதோ ஒன்று இருந்தது. ஏமாற்றம் போலத்தான் பட்டது.

"கொஞ்சம் அது, கொஞ்சம் இது. எது எவ்வளவுன்னு எனக்குப் பிரிக்கத் தெரியாதும்மா."

சிங்காரம் இன்னும் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார். "அது சரி தாயி. ஆனா இந்தப் பய மேல தப்பில்லன்னு எப்படிச் சொல்ற? இவளும் போட்டிருப்பா, இவனும் போட்டிருக்கலாமே?"

"சகாதேவன், அந்தக் குழம்பு இன்னும் இருக்கா?"

"யாரு துன்னுவா, அப்படியேதான் இருக்குது."

ஹேமாவதி ஒரு கரண்டி குழம்பை ஊர்த்தலைவரின் உள்ளங்கையில் ஊற்றினாள். அவர் நக்கினார். மறுபடியும் வாசலுக்கு ஓடினார். அன்றைக்கு அந்த வாசற்படியை அவர் தாண்டிய வேகத்தில், பாடு விழுந்த எந்த வருஷமும் வலை கட்ட ஓடியதில்லை.

"அதே மரத்த நாக்குல உப்பு பாத்து வெச்ச குழம்பு. இதைத்தான் மாசக்கணக்கா ஒருத்தன் தெனமும் வந்து, தட்டு காலியாவுற வரைக்கும் சாப்பிட்டு, ரெண்டு சொம்பு தண்ணி குடிச்சிட்டுப் போறான். ஒரு வார்த்தை சொன்னதில்ல. சொன்னா அண்ணி அடுப்பு மூட்டறதையும் விட்டுடுவாங்கன்னு பயம். இவளுக்குக் கெடுதல் நெனைக்கிறவன் இந்தக் குழம்ப ரெண்டாவது நாள் சாப்பிடுவானா? நான் மாப்பிள்ளைங்களப் பாத்தே காலம் போனவ. இது மாதிரி ஒருத்தனுக்கு இதுவரைக்கும் எழுதிக் குடுத்ததில்ல."

சிங்காரம் கையிலிருந்த சீட்டைப் பார்த்தார். ஓரத்தில் லேசாகக் கிழிந்திருந்தது. அதை நீவிச் சரிசெய்து, மடித்து, பித்தளைக் குடத்துக்குள் போட்டார். பிறகு குடத்தை எடுத்துக்கொண்டு கோயிலுக்கு நடந்தார். கன்னியப்பனும் பின்னால் போனான். உப்பு மூட்டையைத் தூக்க மறந்துவிட்டான்.

ஜமுனா அவன் போன வாசலைப் பார்த்தாள். "ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்" என்றாள்.

"நீ ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றாள் ஹேமாவதி.

அன்றைய சீட்டில் கன்னியப்பனுக்கு விழுந்தது ரொம்ப சுமாரான இடம். பெயர் குடத்தில் இருந்ததால் விழுந்தது. அவனுக்கு அது போதுமாக இருந்தது. திரும்பும் வழியில் ஆட்டோ பொன்னேரிச் சாலையைத் தொடும் வரை சகாதேவன் பேசவில்லை.

"மேடம், எனக்கு ஒரு சந்தேகம். அந்தம்மா கையால சமச்சத நானும் ஒரு வாய் துன்னேன். எனக்கும் மரத்துப் பூடுமா?"

"இப்ப பேசிட்டுத்தானே வரீங்க?"

"ஆமா."

"அப்ப நாக்குக்கு ஒண்ணும் இல்ல. ரோட்டப் பாத்து ஓட்டுங்க."

அந்த மாதம் முடிவதற்குள் சகாதேவன் மறுபடி அந்தக் குப்பத்துக்குப் போனார். கொளத்தூர்க்காரர் கொடுத்தனுப்பிய புதிய கண்ணாடிக் குழாயும், சின்ன அளவில் ஒரு ஜோடி கையுறையும் பையில் இருந்தன. தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி, நல்ல தண்ணீர் விட்டு, உப்பை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரே நாளில் இறக்கினால் மிச்சமிருப்பதும் போய்விடும் என்று ஹரிஹரன் சொல்லியிருந்தார். கல்லில் பாதி வெறுமையாக இருந்தது. மீதிப் பாதியில் சில பட்டன்கள் விரிந்து, ஓரத்து மயிர்களைச் சோம்பலாக ஆட்டிக்கொண்டிருந்தன.

"ஒடம்பு எப்படிம்மா இருக்குது?" என்றார் சகாதேவன்.

"நாக்கு வந்துடுச்சி" என்றாள் ஜமுனா. கொஞ்ச நேரம் தொட்டியைப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "மத்தது இன்னும் வர்ல."

பழைய கையுறை அதே ஆணியில் தொங்கியது. சிலந்தி வலையை யாரோ துடைத்திருந்தார்கள். சகாதேவன் கொண்டுவந்த ஜோடியை ஜமுனா வாங்கி, அதே ஆணியில் அதன்மேல் மாட்டினாள்.

மத்தியானம் கன்னியப்பன் வந்து உட்கார்ந்தான். தட்டில் சோறு, இறால் குழம்பு. ஜமுனா துணி பிடித்துச் சட்டியை இறக்கியதைச் சகாதேவன் கவனித்தார். தனக்குச் சாப்பாடு வேண்டாம் என்று சொல்வதற்கு ஜென்மத்தில் முதல் தடவையாக ஒரு காரணம் தயாரித்துக்கொண்டு வந்திருந்தார். அதை யாரும் கேட்கவில்லை. தட்டு அவர் முன்னால் வந்துவிட்டது.

கன்னியப்பன் பிசைந்து ஒரு கவளம் வாயில் வைத்தான். மெல்வதை நிறுத்தினான். ஜமுனாவைப் பார்த்தான். தொட்டியைப் பார்த்தான். மடியில் ஏதோ கனமான ஒன்றை வைத்துக்கொண்டு, அதை எங்கே இறக்குவது என்று தெரியாதவன் மாதிரி உட்கார்ந்திருந்தான்.

"அண்ணி" என்றான்.

"இன்னா?"

"உப்பு கம்மி."

ஜமுனா அவனைப் பார்த்தாள். பிறகு கையை நீட்டி உப்பு டப்பாவை எடுத்து, தரையோடு அவன் பக்கம் தள்ளினாள்.

"போட்டுக்கோ" என்றாள்.

அவன் போட்டுக்கொண்டான். ஒரு சொம்பு தண்ணீர் குடித்தான். சொம்பைக் கீழே வைத்தான்.